கணக்கில் வராத கல்யாணப்பெண்

ஜவுளிக்கடையில் பட்டுச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யாருக்கும் புத்தி கொஞ்சம் மங்கும். எனக்கு முழுதாக அணைந்தே போனது. அதுவும் நான் வாங்கப்போகாத சேலை, நடக்கப்போகாத கல்யாணம். எங்கள் வீட்டில் இந்தக் கதையை எல்லோரும் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லும்போது நான் வெறும் கோமாளி. கோமாளியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நானே சொன்னால் கதை இன்னும் கொஞ்சம் மோசமாக வரும். அதனால்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

தனுவச்சபுரத்தில் எம்.காம். முடித்த சூட்டில் இருந்த காலம் அது. நாட்டில் பாதிப் பொருளாதாரம் என் கைக்காகத்தான் காத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். (மீதிப் பாதி யாருக்காகக் காத்திருந்தது என்று யோசிக்கவில்லை.) வங்கித் தேர்வுகள் என்னை ஒவ்வொன்றாக வழியனுப்பி வைத்த பிறகு, பாறசாலையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதலாளி நல்ல மனிதர். யார் வந்தாலும் சாயா வாங்கிக் கொடுப்பார். சாயாவுக்கு மேலே போகும் செலவு எதுவானாலும் அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

“இப்போ நம்ம கடையில ஒம்பது பேரு உண்டு மக்கா. நீ பில்லு அடிச்சு, கணக்கு பாத்து, ஃபோனும் எடுத்தா போதும். பன்னெண்டாயிரம் தாறேன்” என்றார்.

அதோடு “சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். படித்த பெண் என்று காட்ட வேண்டாமா?

“சார், நான் சேர்ந்தா பத்துப் பேராவும். பத்துப் பேரானா ஈ.எஸ்.ஐ. கட்டாயமாக்கும்” என்றேன்.

முதலாளி சாயா டம்ளரைக் கீழே வைத்தார். “அதென்ன?”

நான் உற்சாகமாக விளக்கினேன். தொழிலாளிகளுக்கான காப்பீடு. மாதச் சம்பளம் இருபத்தோராயிரம் வரை உள்ள எல்லோரும் அதற்குள் வருவார்கள். சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய் வீதம் தொழிலாளியிடம் பிடிக்க வேண்டும், மூன்றேகால் ரூபாய் முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டும். சம்பளம் கூடினால் இரண்டு பங்கும் கூடும். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், நோயில் கிடந்தால் லீவுச் சம்பளம் எல்லாம் அதிலிருந்து கிடைக்கும். தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் வந்திருக்கும்.

“இருபது பேரானா பி.எஃப்.பும் வரும் சார்” என்று கூடுதலாகவும் ஒன்று சொன்னேன்.

“நிறுத்து, நிறுத்து. இருபது கிடக்கட்டு. உன்னெ எடுத்தா உனக்க சம்பளம் மட்டுமில்லே, மத்த ஒம்பது பேருக்க பேரிலயும் மாசாமாசம் நான் கட்டணும். அப்படித்தானே?”

“ஆமா சார்.”

“பின்னே உன்னெ நான் எதுக்கு மக்கா எடுக்கணும்?”

நியாயமான கேள்வி. வேலை கேட்டுப் போன இடத்தில், எனக்கு வேலை தரக் கூடாது என்பதற்கான காரணத்தைச் சதவீதக் கணக்கோடு எடுத்துக் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே கேட்பாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சார், என்னெ எண்ணாண்டாம். நான் கணக்குல இல்லாமலே கணக்கு பாக்கேன்.”

முதலாளி சிரித்தார். எனக்கு இன்னொரு சாயா சொன்னார். அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் சம்பளம் வாங்கினேன், எந்தப் பதிவிலும் என் பெயர் இல்லை. இதை நான் தியாகம் என்றும் சாமர்த்தியம் என்றும் மாறி மாறி நினைத்துப் பெருமைப்பட்டேன். என் பெயர் இல்லாததால் மற்ற ஒன்பது பேருக்கும் என்ன இல்லாமல் போகிறது என்று அந்தப் பக்கம் கணக்குப் போடவில்லை.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஷைலஜா சேச்சி. கல்யாணச் சேலைப் பிரிவு அவருடையது. வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சேச்சி காலையிலிருந்து இரவு வரை நின்றபடி அலமாரியிலிருந்து சேலையை எடுப்பார், விரிப்பார், மடிப்பார், திரும்ப வைப்பார். பதினைந்து வருடம் அப்படி நின்றதில் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டு நீலமாகி இருந்தன. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகை சேச்சியின் பல மாதச் சம்பளம்.

ஒருநாள் மதியம் பொதிச்சோற்றைப் பிரித்துக்கொண்டே சேச்சி கேட்டார். “பிள்ளே, உனக்கு கணக்கெல்லாம் அறியுமே. நமக்கு இந்த ஈ.எஸ்.ஐ. கிடைக்காதா? என் தங்கச்சி வேலை பாக்குற கம்பெனியில உண்டு.”

“அதுக்குப் பத்துப் பேர் வேணும் சேச்சி. நம்ம கடையில ஒம்பதுதானே.”

சேச்சி சோற்றைப் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார். “அப்போ நீ?”

“நான் டெக்னிக்கலா இல்லை சேச்சி” என்றேன்.

சேச்சி தன் பொதியிலிருந்த மீன் வறுவலில் பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்தார். டெக்னிக்கலாக இல்லாத நான் அதை வாங்கித் தின்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் முதலாளிக்கு ஃபோன் செய்தார். ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து ஒரு மேடம் ரோட்டில் ஒவ்வொரு கடையாக ஏறி ஆள் எண்ணிக்கொண்டு வருகிறார், உங்கள் கடைக்கும் இப்போது வருவார் என்றார்.

முதலாளி பதறவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கையில் காசு கொடுத்தார். “மக்கா, நீ அந்தப் பேக்கரியில போயி ஒரு சாயாவும் பஃப்ஸும் தின்னுட்டு பைய வா. அவிய போனதும் விளிக்கேன்.”

எவ்வளவு எளிய வேலை! போய் ஒரு பஃப்ஸ் தின்ன வேண்டும். அதைக்கூட ஒழுங்காகச் செய்ய என்னால் முடியவில்லை. காரணம், சபையில் கிறிஸ்துமஸ் நாடகங்களில் தொடர்ந்து நான்தான் மரியாளாக நடித்துவந்தேன். (எனக்கு வசனமே இருந்ததில்லை. பொம்மையை மடியில் வைத்துக் குனிந்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கணக்கில் அது நடிப்பு அனுபவம்.)

“வெளியே ஓடினா சந்தேகம் வரும் சார். நான் கஸ்டமரா நிக்கேன்” என்றேன்.

“அது வேண்டாம் மக்கா, நீ போ.”

“சார், நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கிடுவேன்.”

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி கல்லாவுக்குப் போனார். நான் கல்யாணச் சேலைப் பிரிவுக்கு ஓடி நாற்காலியில் உட்கார்ந்து, ஷைலஜா சேச்சியிடம் கொஞ்சம் உரக்கவே, “எனக்க கல்யாணத்துக்கு ஒரு நல்ல பட்டு எடுத்துக் காட்டுங்க” என்றேன்.

சேச்சி என்னையும் வாசலையும் பார்த்தார். புரிந்துவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டு அலமாரியைத் திறந்தார்.

வந்த மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். நெய்யாற்றின்கரைக்காரர். நல்ல சிரித்த முகம். முதலாளியிடம் விசாரித்தார், கடையைச் சுற்றி நடந்தார், விரலை நீட்டி நீட்டி ஆள்களை எண்ணினார். ஒன்பது.

“ஒம்பதே பேருதான் மேடம். சின்னக் கட” என்றார் முதலாளி. அவர் குரலில் அப்படி ஒரு பணிவு இருந்தது.

மேடம் தலையை ஆட்டினார், பையை மாட்டினார், வாசலை நோக்கித் திரும்பினார். அந்த நிமிடம் நான் சும்மா இருந்திருந்தால் கதையே இல்லை. ஆனால் என் நடிப்பை அவர் சரியாகக் கவனிக்கவில்லையே என்று எனக்கு ஒரு குறை. எழுந்து, கண்ணாடி முன்னால் நின்று, தோளில் கிடந்த சேலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பி, “இதுல ஜரிகை கொஞ்சம் கூடுதலா இருக்குல்லா? வேற காட்டுங்க” என்றேன்.

மேடம் நின்றார். முகம் மலர்ந்தது. நேராக என்னிடம் வந்தார்.

“மோளுக்கா கல்யாணம்? என் மகளுக்கும் வரும் சிங்ங மாசத்திலே கல்யாணம். நானும் சாரி நோக்கிட்டிருக்கேன்.”

“அப்படியா மேடம்! எனக்கு அடுத்த மாசம்” என்றேன்.

“பையன் எவிடெ?”

“குவைத்துல மேடம். எண்ணெய்க் கம்பெனியில.”

“பேரு?”

கல்யாணத்துக்கு மாதம் குறித்து, மாப்பிள்ளையை வெளிநாட்டுக்கே அனுப்பிவிட்ட எனக்கு அவனுக்குப் பெயர் வைக்க மறந்துபோயிருந்தது. நான் வெட்கப்படுவதாக நினைத்து மேடம் சிரித்தார். அந்த இடைவெளியில் ஒரு பெயர் வந்து விழுந்தது. “ஷிபு.”

“நல்ல பேரு. கல்யாண சாரி எடுக்க தனிச்சா வந்தே? அம்மை வரல்லியா?”

“அம்மைக்கு முட்டுவலி மேடம். படி ஏற முடியாது.”

மேடம் “அய்யோ பாவம்” என்று சொல்லி என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சேலை பார்த்தோம். சேலை பார்த்தோம் என்று சும்மா சொல்லக் கூடாது. அலமாரியையே காலி செய்தோம். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னேன். ஒன்று வெளுப்பு, ஒன்றின் கரை அகலம், இன்னொன்றைக் கட்டினால் வயதான தோற்றம் வரும். ஷைலஜா சேச்சி எக்கி எக்கி எடுத்தார், விரித்தார், என் தோளில் கொசுவி வைத்தார்.

ஒருமுறை கொசுவம் பிடிக்கக் குனிந்தபோது என் காதோரம் மெல்லச் சொன்னார். “மக்கா, ஏதாவது ஒண்ணு பிடிச்சிருக்குண்ணு சீக்கிரம் சொல்லு. கால் கடுக்குது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. மேடத்துக்குக் கேட்கும்படியாக, கல்யாணப்பெண்ணின் செல்லச் சலிப்போடு சொன்னேன்: “இன்னும் கொஞ்சம் காட்டுங்க சேச்சி. வாழ்க்கையில ஒரு தடவைதானே!”

சேச்சி மறுபடியும் அலமாரிக்குப் போனார். ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு போனார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த சேலையைப் பார்த்தேன்.

அப்போதுதான் கிரேஸ் மாமி உள்ளே வந்தார். எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். சேலையெல்லாம் மார்த்தாண்டத்தில் எடுப்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்குப் பார்த்து ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி வேண்டுமென்று எங்கள் கடையில் ஏறிவிட்டார். நான் இங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது. என்னை வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையாகத்தான் அம்மா சபையில் வைத்திருந்தாள். துணிக்கடையில் பில் அடிப்பவள் என்றால் வரன் வராது என்று அவளுக்குப் பயம்.

கல்யாணப் பட்டைப் போர்த்தியபடி நின்ற என்னைக் கண்டதும் மாமி இரண்டு கையையும் விரித்தார். “எட்டீ! இதென்ன கோலம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். “அடுத்த மாசம் கல்யாணமல்லே. பையன் குவைத்திலாணு. ஷிபு.”

“கர்த்தாவே! உனக்க அம்மை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே!”

“முட்டுவலியல்லே, பாவம்” என்றார் மேடம்.

“ஆருக்கு முட்டுவலி? இண்ணு காலம்பற ஜெபக்கூட்டத்துக்கு எனக்கு முன்னே நடந்து வந்தாளே!”

“இப்பதான் மாமி... கொஞ்ச நேரத்துக்கு முன்னேதான் வந்துது” என்றேன்.

மாமிக்கு அதில் மேலே போக நேரமில்லை. கல்யாணம் என்று கேட்டால் ஜெபம் செய்யாமல் விடுகிறவர் இல்லை அவர். என் தலையில் கையை வைத்து அங்கேயே ஆரம்பித்துவிட்டார். ஷிபுவை அந்நிய தேசத்தில் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கும்படி வேண்டினார். எங்கள் சந்ததியை ஆசீர்வதிக்கக் கேட்டார். மேடமும் மரியாதையாக எழுந்து தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார். கல்லாவில் முதலாளி கண்ணை மூடியிருந்தார். அவர் தனியாக வேறு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். இல்லாத ஒருவனுக்காக உருக்கமாகச் செய்யப்பட்ட அந்த ஜெபத்துக்கு நானே “ஆமென்” சொன்னேன்.

ஜெபம் முடிந்ததும் மாமி லைனிங் துணியை மறந்து அவசரமாக வெளியேறினார். வாசல் தாண்டும் முன்னே செல்ஃபோனைக் காதில் வைத்துவிட்டார், யாருக்கென்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு அவரால் ரோட்டைக்கூடக் கடக்க முடியாது.

நான் மேடத்தைப் பார்த்துச் சிரித்தேன். இனி ஒரு சேலையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து எடுக்கிறேன் என்று நழுவிவிட வேண்டியதுதான். அந்த வாக்கியத்தை மனதில் கட்டிக்கொண்டிருந்தபோது கல்லாவில் இருந்த ஃபோன் அடித்தது.

கடையில் ஃபோன் எடுப்பது என் வேலை என்று சொன்னேன் அல்லவா? மூன்று தடவை அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் முதலாளி கத்துவார். அதனால் ஃபோன் அடித்ததும் பழக்கத்தில் ஒன்பது பேரும் ஒருசேர என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கால்களுக்கும் அதே பழக்கம். நான் போகவில்லை, கால்கள் கொண்டுபோயின. தோளில் கிடந்த பட்டு தரையில் இழுபட, கல்லாவுக்கு ஓடி, ரிசீவரை எடுத்து, தினமும் சொல்வதை அப்படியே, மணி மணியாகச் சொன்னேன்.

“ஹலோ, டெக்ஸ்டைல்ஸ். அக்கவுண்டண்ட் பேசுறேன்.”

அந்தச் சொல் வாயிலிருந்து போன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.  ஃபேன் சத்தத்தையும் மிஞ்சி, பாதிக் கடைக்குக் கேட்கும்படி, ரிசீவருக்குள்ளிருந்து அம்மாவின் குரல் அலறியது.

“ஏட்டி பிள்ளே! ஆருட்டீ அந்த ஷிபு?”

நான் ரிசீவரை வைத்தேன். மேடம் நிதானமாக எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முதலாளியைப் பார்த்து, “அக்கவுண்டண்டெ எண்ணியோ?” என்று மட்டும் கேட்டார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

“பத்து” என்றார் மேடம்.

பிறகு என்னிடம் திரும்பினார். “சம்பளம் எத்ர?”

“பன்னெண்டாயிரம் மேடம்.”

“அதுக்கு உன் பங்கு தொண்ணூறு ரூபா. முதலாளி முந்நூத்தித் தொண்ணூறு கட்டணும். இது உனக்கு அறியாதா?”

அறியாது என்று சொல்லியிருந்தால் அறியாமை என்றாவது ஆகியிருக்கும். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அந்த இடத்தில் வந்து தொலைத்தது. “அறியும் மேடம். நான் படிச்சிருக்கேன்.”

மேடத்தின் சிரிப்பு அப்போதுதான் போனது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஷைலஜா சேச்சி வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வேண்டுமென்று உட்காரவில்லை, நிற்க முடியவில்லை. சேலைக்கரையைக் கொஞ்சம் உயர்த்திக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மேடம் அருகே போய்க் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். என்னவென்று கேட்டார், ஆப்பரேஷனைப் பற்றிக் கேட்டார், சம்பளம் கேட்டார்.

“பத்தாயிரம்” என்றார் சேச்சி.

“அப்போ சேச்சியோட பங்கு எழுபத்தஞ்சு ரூபா. அவ்வளவேயுள்ளூ” என்றார் மேடம்.

எழுபத்தைந்து ரூபாய். காலையில் முதலாளி எனக்குச் சாயாவுக்கும் பஃப்ஸுக்கும் கொடுத்த காசு என் கையிலேயே கசங்கிக் கிடந்தது. சேச்சியின் கணக்கு எனக்கு வேலை கேட்டுப் போன நாளிலேயே தெரிந்த கணக்கு. என்ன வாய்ப்பாடு என்று தெரியும், என்ன விடை என்றும் தெரியும். அந்த விடைக்கு இப்படி ஒரு கால் இருக்கும் என்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. சுற்றிலும் நான் விரிக்கச் சொன்ன சேலைகள் குவிந்து கிடந்தன. கூட இருந்த பெண்கள் அவற்றை மடிக்கத் தொடங்கினார்கள். நானும் ஒன்றை எடுத்து மடித்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. கடை ஈ.எஸ்.ஐ.க்குள் வந்தது. நான் சேர்ந்த மாதத்திலிருந்து பாக்கி கட்டச் சொன்னார்கள். போன மாதங்களுக்கான எங்கள் பங்கை எங்களிடம் பிடிக்கக் கூடாது என்பதால் அந்த முக்காலும் மூன்றேகாலும் சேர்ந்து முதலாளி தலையில் விழுந்தது. ஒரு ஆளைக் குறைத்து ஒன்பதாக்கிவிட்டால் தப்பிக்கலாமா என்று அவர் என்னிடமே கேட்டார்.

“ஒரு தடவை உள்ளே வந்தா பின்னே ஆள் குறைஞ்சாலும் வெளியே போக முடியாது சார்” என்றேன்.

“நீ படிக்காம இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும் மக்கா” என்றார் உண்மையான துக்கத்தோடு. ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மாதாமாதம் எல்லோருடைய சம்பளத்திலும் பங்கு கணக்கிட்டுக் கட்ட ஒரு ஆள் வேண்டுமே.

இதில் எனக்குத் துணையாக வெட்கப்பட ஒருவர் கிடைத்தார். எங்கள் சூப்பர்வைசர் சுனில் அண்ணன், தனக்கு இருபத்தைந்தாயிரம் சம்பளம் என்று கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பெயர் பதிவு செய்ய விவரம் வாங்கியபோது அவரும் குனிந்த தலையோடு வரிசையில் வந்து நின்றார். இருபத்தோராயிரத்துக்கு மேல் வாங்குகிறவருக்கு அந்த வரிசையில் என்ன வேலை?  அவரும் நானும் அன்றைக்கு ஒரே மேசையில் சோறு தின்றோம்.

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் கள்ளிக்காட்டிலிருந்து சித்தி குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது. தங்களுக்குச் சொல்லாமல் குவைத் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்று சித்திக்கு வருத்தம். ஷிபு என்று ஒருவன் இல்லை என்பதை அம்மா ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் நம்பவில்லை. நிச்சயம் முறிந்ததை மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். கிரேஸ் மாமி மனமுடைந்த எனக்காக இன்னொரு ஜெபம் செய்தார். அப்பா மட்டும், “எல்லாரும் அவனெ நல்ல பையன்னுல்லா சொல்லுகாவ. கொஞ்சம் பேசிப் பாக்கலாமாட்டீ?” என்றார்.

சில மாதங்கள் கழித்து, லீவுச் சம்பளத்துக்குத் தகுதி வந்த பிறகு, ஷைலஜா சேச்சி ஆப்பரேஷன் செய்துகொண்டார். செலவு அவர் கையிலிருந்து போகவில்லை. நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். காலில் கட்டோடு, இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். சேச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

“அண்ணைக்கு என்னெ அத்தற சேலை எடுக்க வச்சியே. ஒண்ணாவது நீ வாங்கியிருந்தா எனக்குக் கமிஷன் கிடைச்சிருக்கும்லா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அது சிரிக்கிற விஷயமில்லை என்று தோன்றியது. கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. எந்தத் துணிக்கடையிலும் இரண்டாவது சேலை எடுத்துக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. எதிரே நிற்கும் பெண்ணின் கால்தான் கண்ணுக்குத் தெரியும். முதலில் எதை விரிக்கிறாரோ, “இது போதும்” என்று வாங்கிவிடுவேன். என் உண்மையான கல்யாணத்துக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் வந்து விழுந்தது பழைய பிஸ்கட் நிறத்தில் ஒரு பட்டு. அம்மா கடையிலேயே அழுதாள். கல்யாண ஆல்பத்தில் நான் சாயாவில் முக்கி எடுத்தது மாதிரி இருப்பேன். என் அலமாரியில் இருக்கும் சேலைகளைப் பார்த்தால், எந்தக் கடையிலும் விற்காததெல்லாம் ஒருவர் வீட்டிலேயே எப்படிச் சேர்ந்தது என்று யாராயிருந்தாலும் கேட்பார்கள். அம்மா என்னோடு துணிக்கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் வருவார். நான் உட்காருவதற்கு முன்னாலேயே கடைக்காரப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிடுவார்.

“தங்கச்சி, உள்ளதில நல்லதெ மொதல்லயே எடுத்துப் போடணும் கேட்டியா. இவளுக்கு ஒரே ஒரு சான்ஸாக்கும்.”